படம் பழசு, பேச்சு புதுசு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது நிதானமாகப் படியுங்கள்.

காலையில் காபி குடித்ததும் நான் செல்லில் ஆங்கிலச் சித்திரத் தொடர்கள் படிக்கிறேன். அதைப் படிக்கிற மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் படிக்கிறேன். இந்தச் செய்தி வீட்டில் பரவி, கேலியும் கிளம்பிவிட்டது. "மாமா இந்த வயசுல பொம்மைப் படம் பாக்குறாரே" என்று மருமகன் சிரித்தார். அது அன்பான கேலி, போகட்டும். ஆனால் என் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "படம் பாக்குறது சரிண்ணே. முன்னப்பின்ன தெரியாதவங்க அடிக்கிற அரட்டைய எதுக்குப் படிக்கிறீங்க?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில்.

பாடத் தலைப்பை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் நான் பேசத் தொடங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைய தலைப்பையும் எழுதிவிடுகிறேன். சித்திரத் தொடரைச் சுற்றி நடக்கிற அன்றாடப் பேச்சு வெட்டிப் பேச்சு இல்லை. நம் குடும்பக் குழுக்களிலும் பழைய மாணவர் குழுக்களிலும் காணாமல் போன ஒன்று அங்கே உயிரோடு இருக்கிறது. அதை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அமெரிக்கப் பத்திரிகைகளில் தினமும் மூன்று நான்கு கட்டங்களில் சித்திரத் தொடர் வரும். ஞாயிற்றுக்கிழமை பெரிதாக, வண்ணத்தில் வரும். சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த 'பீனட்ஸ்' 1950 அக்டோபரில் தொடங்கி 2000 பிப்ரவரி வரை வந்தது. மொத்தம் 17,897 படங்கள். அவர் இறந்த மறுநாள் காலையில் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படம் பத்திரிகைகளில் வெளியானது. பில் வாட்டர்சன் வரைந்த 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' 1985 நவம்பரில் தொடங்கி 1995 டிசம்பர் 31ஆம் தேதி நின்றுவிட்டது. குறும்புக்காரப் பையன் ஒருவனும் அவனுடைய துணிப் புலி பொம்மையும்தான் கதை. மற்றவர்கள் கண்ணுக்கு அது பொம்மை. அவன் கண்ணுக்கு உயிருள்ள புலி. இப்படி நின்றுபோன தொடர்களும் இணையத்தில் நாளுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. உங்களில் அமெரிக்காவில் இருக்கிற ஒருவர்தான் எனக்கு இதை அறிமுகம் செய்துவைத்தார். "சார், கால்வின பாத்தா எனக்கு நம்ம கிளாஸ் ஞாபகம் வருது" என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

இனி அந்தப் பேச்சுக்கு வருகிறேன். முதல் ஐந்து பேர் படத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவர் நகைச்சுவையை விளக்குவார். அவர் விளக்கியதில் ஒரு எழுத்துப் பிழை இருக்கும். அதை இன்னொருவர் திருத்துவார். மூன்றாமவர் அதே சொல்லை வைத்துச் சிலேடை போடுவார். எல்லா வகுப்பிலும் முதல் பெஞ்சு, நடு பெஞ்சு, கடைசி பெஞ்சு இருப்பது போல அங்கேயும் உண்டு. ஆறாவது ஆளிலிருந்து பேச்சு மெல்லத் திசை மாறும். எங்கள் ஊரில் ராத்திரி முழுக்கப் பனி, வாசலில் வண்டி எடுக்க முடியவில்லை. முழங்கால் வலி இன்று பரவாயில்லை. பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. நாளை மருத்துவமனைக்குப் போகிறேன், கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இந்தக் கடைசி வரியைப் படித்தவர்கள் படத்தை விட்டுவிட்டு அவரிடம் பேசுவார்கள். இரண்டு நாள் கழித்து அவர் வந்து, "எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்று ஒரு வரி எழுதுவார். அதற்கு இருபது பேர் மகிழ்ச்சி சொல்வார்கள். அவர் ஆணா பெண்ணா என்றுகூடப் பலருக்குத் தெரிந்திருக்காது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'கால்வின்' படம் முப்பது ஆண்டுக்கு முந்தையது. அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்பது அங்கே இருக்கிற பாதிப் பேருக்கு மனப்பாடம். இருந்தும் தினமும் வருகிறார்கள். படத்தில் புதிதாக எதுவும் இல்லை. வருகிற மனிதர்களுடைய அன்றைய நாள்தான் புதிது.

இது வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' என்ன? முடிவே இல்லாத எதையும் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்லும் அளவுக்கு அது நம் பேச்சில் ஏறிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே ஒரு பேப்பர்தான் வரும். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். சிந்துபாத் இருக்கிற தாளுக்கு மட்டும் போட்டி. வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு என்னைப் போன்ற பையன்கள் சத்தமாகப் படித்துக் காட்டுவோம். மந்திரவாதி மூசாவால் உருவம் சிறுத்துப்போன லைலா பழையபடி ஆகிவிட்டாளா என்பதுதான் அவர்கள் கவலை. "ஏலே, அந்தப் பொண்ணு பெருசாயிட்டாளாலே?" என்று ஒரு தாத்தா தினமும் கேட்பார். "இன்னும் இல்ல தாத்தா" என்போம். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்பார்.

அதோடு பேச்சு நின்றுவிடாது. சிந்துபாத்திலிருந்து மழைக்குப் போகும், மழையிலிருந்து பருத்தி விலைக்குப் போகும், பருத்தி விலையிலிருந்து யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதற்குப் போகும். அந்தத் தாத்தா ஒருநாள் வரவில்லை என்றால் டீக்கடைக்காரரே பையனை அனுப்பி விசாரிப்பார். யாரும் யாரையும் நலம் விசாரிப்பதற்காக அங்கே வரவில்லை. டீ குடிக்கவும் படக்கதை கேட்கவும் வந்தார்கள். விசாரிப்பு தானாக நடந்தது.

சரி, இது சித்திரத் தொடரைச் சுற்றி மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? அரசியல் செய்தியைச் சுற்றி ஏன் நடப்பதில்லை? ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று இங்கே உதவுகிறது. தொடக்க வகுப்பில் 'படம் பார்த்துப் பேசுதல்' என்று ஒரு பயிற்சி உண்டு. பாடத்தைப் படி என்றால் வாயே திறக்காத பிள்ளை, சந்தைப் படத்தைக் காட்டி "இதுல என்னடா தெரியுது?" என்று கேட்டால் பேசும். "ஆடு நிக்குது சார்" என்று தொடங்கும். "எங்க வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கு சார்" என்று வளரும். "அம்மாவுக்குக் காய்ச்சல் சார், ஆட்ட நான்தான் பத்திட்டுப் போனேன்" என்று முடியும். அந்தப் பிள்ளை ஏன் நேற்று பள்ளிக்கு வரவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவரும். ஏன் வரவில்லை என்று நேராகக் கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கும்.

படம் என்ன செய்கிறது? எல்லாருக்கும் பொதுவான ஒரு சின்னப் பொருளை நடுவில் வைக்கிறது. அரை நிமிடத்தில் எல்லாரும் அதைப் பார்த்து முடித்துவிடலாம். அதில் சரியான விடை, தவறான விடை என்று கிடையாது. எம்.ஏ. படித்தவருக்கும் எட்டாவது படித்தவருக்கும் அதே மூன்று கட்டம்தான். அதனால் யாரும் தோற்பதில்லை. தோற்கிற பயம் இல்லாத இடத்தில்தான் மனிதர்கள் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லத் துணிகிறார்கள்.

இன்னொரு குணமும் உண்டு. அது பொறுமை. இதற்கு ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். ராண்டல் மன்ரோ என்பவர் 2005 முதல் 'எக்ஸ்கேசிடி' என்ற இணையச் சித்திரத் தொடரை வரைகிறார். குச்சி மனிதர்கள்தான், முகம்கூட இருக்காது. 2013 மார்ச் 25ஆம் தேதி 'டைம்' என்று ஒரு படம் போட்டார். கடற்கரையில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் படம் லேசாக மாறியிருக்கிறது. இருவரும் மணல் கோட்டை கட்டத் தொடங்குகிறார்கள். சில நாளில் அரை மணி என்பது ஒரு மணி ஆனது. இப்படியே நான்கு மாதம் ஓடி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து, ஜூலை கடைசியில் கதை முடிந்தது. 2014இல் அதற்கு ஹ்யூகோ விருதும் கிடைத்தது.

அந்த நான்கு மாதமும் அதன் வாசகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளிக்கே 'நியூபிக்ஸ்' என்று பெயர் வைத்து, நாம் நாழிகைக் கணக்கு சொல்வது போல, "பத்து நியூபிக்ஸ் தூங்கிவிட்டு வருகிறேன்" என்கிற பாணியில் காலத்தை அளந்தார்கள். கடல் நீர் ஏன் ஏறுகிறது என்று ஆராய்ந்தார்கள். ராத்திரி வானத்துப் படங்கள் வந்தபோது நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டு, இந்தக் கதை இன்றைக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நடப்பது என்று கண்டுபிடித்தார்கள். வானியல் தெரிந்தவர், மண் தெரிந்தவர், ஒன்றுமே தெரியாமல் வேடிக்கை பார்க்க வந்தவர் எல்லாரும் ஒரே இடத்தில். கதை முடிந்த பிறகும் அவர்களில் பலர் பேச்சை நிறுத்தவில்லை. படம் நின்றுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை. இப்படி ஒரு வகுப்பறை எனக்கு வாய்த்திருந்தால் நான் சம்பளமே கேட்டிருக்க மாட்டேன்.

"சரி சார், பொழுதுபோக்கு நல்லதுதான். அதனால் உலகத்துக்கு என்ன ஆகிவிட்டது?" என்று யாராவது கேட்பீர்கள். உங்களுக்காக ஒரு ஆசிரியையின் கதை. இது இணையத்துக்கு முந்தைய காலம், தபால் காலம். 1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினோரு நாள் கழித்து, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைச் சேர்ந்த ஹாரியட் கிளிக்மன் என்ற பள்ளி ஆசிரியை 'பீனட்ஸ்' வரைந்த ஷுல்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் படத்தில் வரும் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கறுப்பினப் பிள்ளையையும் சேர்க்கலாமே என்பதுதான் கடிதத்தின் சாரம். ஷுல்ஸ் தயங்கினார். நாம் மேலிருந்து இரக்கம் காட்டுவது போல ஆகிவிடுமோ என்பது அவருடைய தயக்கம். ஆசிரியை விடவில்லை. கறுப்பினத்தைச் சேர்ந்த தன் நண்பர்களையே ஷுல்ஸுக்கு எழுதச் சொன்னார். அந்த ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, கடற்கரையில் சார்லி பிரவுனின் பந்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிற பையனாக 'ஃபிராங்க்ளின்' முதல் முறையாகத் தோன்றினான். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து மணல் கோட்டை கட்டினார்கள்.

கோடிக்கணக்கானவர்கள் படித்த ஒரு தொடர் அது. அதில் அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தது ஒரு வாசகியின் கடிதம். படக்கதை படிப்பவர்களின் பேச்சு வெறும் பேச்சு என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் சண்டை உண்டு. 'நான்சி' என்று ஒரு பழைய தொடர், 1930களிலிருந்து வருவது. 2018 ஏப்ரலில் ஒலிவியா ஜேம்ஸ் என்ற புனைபெயரில் ஒரு பெண் அதை வரையத் தொடங்கினார். அந்தத் தொடரை வரைந்த முதல் பெண் அவர். நான்சியின் கையில் செல்போனைக் கொடுத்தார். பழைய வாசகர்கள் பலர் கொதித்துவிட்டார்கள். எங்கள் நான்சியைக் கெடுத்துவிட்டாய் என்று வசவு. இன்னொரு பக்கம், அதுவரை அந்தத் தொடரைத் திரும்பிக்கூடப் பார்க்காத இளைஞர்கள் கூட்டமாக வந்து கொண்டாடினார்கள். பெரியவர்கள் சிலர் பேசிய பேச்சு எனக்கு வெட்கமாக இருந்தது. வயது மட்டும் பக்குவத்தைத் தந்துவிடாது. ஆனால் இதையும் பாருங்கள். திட்டினாலும் புகழ்ந்தாலும், எல்லாரும் அன்றைய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். பார்க்காமல், படிக்காமல், வந்ததை அப்படியே தள்ளிவிடுகிற நம் பழக்கத்தைவிட அது மேல்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நான் பதினோரு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' தொடங்கும். பிறகு மூட்டுவலிக்கு முருங்கைக்கீரை, யாரோ எங்கோ பேசிய வீடியோ, சாமி படம், தங்கம் விலை. எல்லாமே எங்கிருந்தோ வந்தவை. அனுப்பியவரே முழுதாகப் பார்த்திருக்க மாட்டார். நூற்றைம்பது பேர் இருக்கிற குழுவில், எல்லாரும் ஒரே நாளில் பார்த்த ஒரே பொருள் என்று ஒன்றுகூட இல்லை. பிறகு எதைப் பற்றிப் பேசுவது?

அந்தப் பதினொன்றில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தது. காலையிலிருந்து கேக் படம், பூங்கொத்துப் படம், 'நூறாண்டு வாழ்க'. நாற்பதுக்கும் மேற்பட்ட வாழ்த்துகள். மத்தியானம் அவருடைய செல்லிலிருந்து பதில் வந்தது. எழுதியது அவருடைய மகள். "அப்பா தை மாசமே தவறிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி." அப்போது சித்திரை. மூன்று மாதம் ஒரு மனிதர் குழுவில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்திருக்கிறார். நூற்றைம்பது பேரில் யாருக்கும் அது தெரியவில்லை. அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூடியவர்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒருவர் இல்லாதது கண்ணில் படவே வழியில்லை. எல்லாரும் அனுப்புகிறார்கள், யாரும் பேசுவதில்லை. பேச்சே இல்லாத இடத்தில் ஒருவர் பேச்சு நின்றது எப்படித் தெரியும்?

டீக்கடையில் அந்தத் தாத்தா ஒருநாள் வராவிட்டால் தெரிந்தது. சித்திரத் தொடர் வாசகர்கள் நடுவிலும் தெரிகிறது. தினமும் சிலேடை போடுகிறவர் நான்கு நாளாகக் காணவில்லை என்றால், "அவர் எங்கே?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்தால், "ஊருக்குப் போயிருந்தேன், தேடியதற்கு நன்றி" என்கிறார். தினமும் ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொந்தமாக ஒரு வரி சொல்லும் பழக்கம் இருப்பதால்தான் இது முடிகிறது.

தம்பி சொன்ன ஆபத்தையும் நான் மறுக்கவில்லை. முகம் தெரியாதவர்களில் மோசடிக்காரர்களும் உண்டு. இனிக்க இனிக்கப் பேசி, பிறகு பணம் கேட்பவர்கள் எங்கும் வருகிறார்கள். எனவே பெரியவர்களுக்கு என் அறிவுரை: பூனையைப் பற்றிப் பேசுங்கள், பனியைப் பற்றிப் பேசுங்கள். வீட்டு முகவரி, வங்கி விவரம், ஓடிபி எதுவும் பேச்சில் வரக்கூடாது. பணம் கேட்டால் அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள். சந்தையிலும் ஜேப்படித் திருடன் உண்டு. அதற்காக நாம் சந்தைக்குப் போகாமல் இருக்கிறோமா?

ஆங்கிலம் தெரியாதே என்பவர்களுக்கு: எனக்கும் பாதி சிலேடை புரியாது. புரியாததை அமெரிக்காவில் இருக்கிற நம் மாணவரிடம் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்குவார். அந்தச் சாக்கில் வாரம் இரண்டு முறை அவரோடு பேச்சு. முன்பெல்லாம் ஆசிரியர் தினத்துக்கு மட்டும்தான் பேசுவார்.

இனி என் கோரிக்கை. நம் பழைய மாணவர் குழுவில் வருகிற திங்கட்கிழமை முதல் ஒன்று செய்து பார்ப்போம். காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு சித்திரத் தொடரின் இணைப்பை நான் போடுகிறேன். பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எங்கிருந்தும் எடுத்துப் போடாத, உங்கள் சொந்த வரி. "சிரிப்பே வரல சார்" என்று எழுதினாலும் சரி. அதிலிருந்து பேச்சு எங்கே போனாலும் நான் பிரம்பைத் தூக்க மாட்டேன். யாராவது ஒரு வாரம் ஒரு வரியும் எழுதவில்லை என்றால், அவருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர் போன் போட்டுப் பேச வேண்டும். யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு ஆசையும் உண்டு. உங்களில் ஒருவர் என் பாடவேளையில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னையே படம் வரைந்தவர். மூக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அவருக்கு இந்தப் பதிவு கண்ணில் பட்டால், வாரம் ஒரு நாள் நம் பள்ளியைப் பற்றி மூன்று கட்டத்தில் ஒரு சித்திரத் தொடர் வரைந்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மணியடிக்கிற அண்ணன், சத்துணவு ஆயா, வேப்பமரம், மழைக்கு ஒழுகும் மூன்றாம் வகுப்பு எல்லாம் வரட்டும். மூக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் முதன்முதலில் படித்த படக்கதை எது, யாரோடு சேர்ந்து படித்தீர்கள், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள், அவருக்கு ஒரு போன் போட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்